பூட்டிய பேழையும் பொறுப்பும்

பிறர் பொருளைத் தன் இல்லத்தில் வைத்துக் காப்பவன், அது களவுப்பொருளென்று பின்னர்த் தெரியவருமாயின், எவ்வளவிற்குக் குற்றவாளியாவான்? வினா பழையதே. எழுத்தும் இசையும் படமும் இணையத்தின் வழியாக எங்கேயோ உள்ள பெருங்கணினிகளிற் சென்று தங்கும் மேகச் சேமிப்பகம் தோன்றியபின் அது புதுவடிவம் பெற்றுள்ளது. 'மெகாஅப்லோடு' என்னும் நிறுவனத்தின் வழக்கு இதற்குத் தக்க உதாரணமாதலின், அதனையே ஈண்டு எடுத்துக்கொள்வாம்.

ஜெர்மனியிற் பிறந்த கிம் டாட்காம் என்பவர் 2005-ஆம் ஆண்டிலே ஹாங்காங்கில் இதனைத் தொடங்கினார். எவரும் தம் கோப்பை அங்கே ஏற்றலாம்; ஏற்றியவருக்கு ஓர் இணைப்பு முகவரி கிடைக்கும்; அதனைப் பெற்றவரெல்லாம் கோப்பை இறக்கிக்கொள்ளலாம். இதிலே நுணுகி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. ஒரே திரைப்படத்தைப் பதின்மர் ஏற்றினாலும் கணினியில் வைக்கப்படுவது ஒரு படியே. முகவரிகள் மட்டும் பத்தாகும். இடத்தை மிச்சப்படுத்தும் இவ்வேற்பாடு தன்னளவிற் குற்றமன்று. ஆயின், பதிப்புரிமையுடையார் முறையிட்டபொழுது அவர் சுட்டிய முகவரியை மாத்திரம் நீக்கி மூலப்படியை அவ்வாறே விட்டுவைத்தனர் என்றும், எஞ்சிய வாயில்கள் திறந்தே கிடந்தன என்றும் அமெரிக்க அரசாங்கம் குற்றஞ்சாட்டிற்று. பலரும் விரும்பி இறக்கும் கோப்புக்களை ஏற்றியவர்க்குப் பரிசுப்பணம் அளித்ததும் உடன்சாட்டப்பட்டது.

அந்நாட்டின் 1998-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், பிறர் ஏற்றியதற்காகச் சேமிப்பாளரைத் தண்டியாது காக்கின்றது. ஆனால் அக்காப்பு நிபந்தனையோடு கூடியது. முறைப்படி அறிவிக்கப்பெற்றவுடன் நீக்கல் வேண்டும். தாமே அறிந்தும் வாளா இருத்தல் கூடாது. இந்நிபந்தனை மீறப்பட்டதென்பதே வழக்கின் உயிர்நிலை.

2012 ஜனவரியிலே நிறுவனத்தின் இணையத்தளங்கள் கைப்பற்றப்பட்டன. நியூசிலாந்துக் காவலர் ஆக்லாந்தை அடுத்த டாட்காமின் மாளிகையுட் புகுந்து அவரைச் சிறைப்படுத்தினர். ஈட்டிய பொருள் பதினேழரைக் கோடி டாலர் என்றும், உரிமையாளர் இழந்தது 50 கோடிக்கு மேல் என்றும் குற்றப்பத்திரிகை கூறிற்று. கூட்டாளிகள் இருவர் 2022-இல் நியூசிலாந்திலே குற்றத்தை ஒப்புக்கொண்டு, அடுத்த ஆண்டு இரண்டரை ஆண்டையொட்டிய சிறைத்தண்டனை பெற்றனர். டாட்காமோ குற்றத்தை மறுத்து நீதிமன்றந்தோறும் போராடினார். அவரை அமெரிக்காவிற்கு ஒப்படைக்கும் ஆணையில் அந்நாட்டு நீதியமைச்சர் 2024 ஆகஸ்டிலேதான் கையொப்பமிட்டார்.

இதற்கிடையே குற்றமற்றார் பட்ட துன்பத்தைப் பேசுவார் சிலரே. ஓஹையோ மாநிலத்திலே பள்ளி விளையாட்டுக்களைப் படம்பிடித்து வாழ்ந்த ஒருவர், தம் கணினி பழுதுற்றபடியால், அங்கே சேமித்த படிகளையே நம்பியிருந்தார். தளம் மூடப்படவே அவர் தம் பொருளை மீட்க நீதிமன்றத்தை நாடவேண்டியதாயிற்று. நெதர்லாந்து நிறுவனமொன்றோ தன்னிடமிருந்த 630 கணினிகளை 2013-இல் அடியோடு துடைத்துவிட்டது. தான் ஏற்ற அடைக்கலம் அழிந்ததென்று தீப்புகுந்த மாதரியைச் சிலப்பதிகாரத்திற் கற்கும் நமக்கு இது வியப்பாகவே தோன்றும். இங்கே அடைக்கலப்பொருளுக்கு விடைகூற முன்வந்தார் எவருமிலர். அரசாங்கமும் அப்பொறுப்பை ஏற்கவில்லை.

தளம் கைப்பற்றப்பட்டு ஓராண்டு நிறைந்த அதே நாளில், 2013 ஜனவரி 19-இல், 'மெகா' என்னும் புதிய சேமிப்பகம் எழுந்தது. இதிலே கோப்பானது ஏற்றுபவருடைய கணினியிலேயே மறைகுறியாக்கப்பட்டு, அதன்பின்னரே வெளிச்செல்லும். சேமிப்பாளர் கையில் உள்ளது பூட்டிய பேழை. திறவுகோல் உடையவரிடமே தங்கும். இஃது அந்தரங்கத்தைக் காக்கும் அரண் என்பார் ஒருசாரார். பிலாத்து தண்ணீர் எடுத்துக் கைகழுவியதை ஒக்குமென்பார் மற்றொருசாரார்.

இரண்டாவது கூற்று முழுதும் பொருந்துவதன்று. கோப்பைப் பொதுவிற் பரப்ப விரும்புவோன் முகவரியோடு திறவுகோலையும் வெளியிட்டே தீரவேண்டும்; அன்றேல் இறக்குவோர்க்கு அது பொருளற்ற குறிக்குவியலாகும். வெளியிட்டவுடன் உரிமையாளரும் அதனைத் திறந்துபார்த்து முறையிடலாம். முறையீடு வந்தபின் சேமிப்பாளர், தமக்கு உள்ளே இருப்பது தெரியாதென்று சொல்ல இடமில்லை. நண்பர் இருவர் திறவுகோலை இரகசியமாகப் பகிர்ந்துகொள்வாராயின், அக்குற்றம் அவ்விருவரையே சாரும். அதனைக் கண்டுபிடிக்கும்பொருட்டு எல்லாருடைய பேழையையும் உடைத்துப்பார்க்கச் சட்டம் கட்டளையிடுமாயின், மருத்துவர் குறிப்பும் வழக்கறிஞர் மடலும் உடன் உடைபடும். ஒரு திரைப்படத்தின் பொருட்டு அவ்விலை கொடுக்க யாம் உடன்படோம்.