குடிநோய்க் குறியீடுகளை வாசிக்கும் முறை

ஆஸ்பத்திரியில் கொடுக்கப்படும் டிஸ்சார்ஜ் சம்மரியில், உலக சுகாதார ஸ்தாபனத்தின் பத்தாவது நோய் வகைப்பாட்டை அனுசரித்து எழுதப்பட்ட குறியீடுகளைக் காண்போர் பின்வருவனவற்றை மனத்தில் கொள்வது நலம்.

• எஃப் 10 என்பது மதுவினால் நேரும் மனோ, நடத்தைக் கோளாறுகளின் பொதுத் தலைப்பாகும். புள்ளிக்குப் பின்வரும் எண்ணே நிலைமையை விளக்குவது: 0 தற்சமயப் போதை. 1 தேகத்துக்கோ மனத்துக்கோ தீங்கு விளைத்த குடி. 2 குடிக்கு அடிமைப்பட்ட நிலை. 3 குடியை நிறுத்தியதால் தோன்றும் உபாதை. 4 அவ்வுபாதையோடு கூடிய புத்தித் தடுமாற்றம்.

• மதுவினால் வரும் ஈரல் நோய்க்கு கே 70 என்ற தனிக் குறியீடு உண்டாகையால், இரண்டும் ஒருங்கே எழுதப்பட்டிருப்பின் அது பிழையன்று.

• 1-க்கும் 2-க்கும் உள்ள பேதம் மேற்கொண்டு செய்யும் சிகிச்சையைப் பொறுத்தவரையில் முக்கியமாதலால், சந்தேகம் எழுந்தால் கையொப்பமிட்ட வைத்தியரையே விசாரித்து, பிழையிருப்பின் எழுத்துமூலம் திருத்தம் பெறுக.

• 3 அல்லது 4 முன்பு எழுதப்பட்டவர், மறுபடி குடிக்க நேர்ந்திருப்பின், வைத்திய ஆலோசனையின்றித் திடீரென நிறுத்துவது அபாயகரம்.