‘முன்அனுபவம் எதுவும் இல்லை’ என்று எழுதாதீர்கள்

கேள்வி:
ஐயா, நான் பி.எஸ்சி. கணிதம் முடித்து இரண்டு வருடமாகிறது. பள்ளிப் படிப்பு முழுக்கத் தமிழ்வழி, கல்லூரி ஆங்கிலவழி. அப்பாவுக்கு விவசாயம் மட்டும்தான். மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவள். ஒரு வங்கித் தேர்வில் நேர்காணல் வரை போனேன். நான் கொண்டுபோன சாதிச் சான்றிதழ் செல்லாது என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்து டி.என்.பி.எஸ்.சி.க்கு விண்ணப்பிக்கப் போகிறேன். அதில் தமிழ்வழியில் படித்ததாகக் குறிக்கலாமா? தனியார் நிதி நிறுவனங்களின் படிவங்களில், ‘நீங்கள் எதிர்கொண்ட ஒரு சவாலை 200 சொற்களில் விவரிக்கவும்’ என்று ஒரு கட்டம் வருகிறது. சாட்ஜிபிடியிடம் கேட்டு எழுதிப் போட்டேன். ஓர் இடத்திலிருந்தும் பதில் இல்லை. எனக்கு முன்அனுபவம் எதுவும் இல்லை. வீட்டில் சும்மாதான் இருக்கிறேன், அம்மாவின் மகளிர் குழுவுக்குக் கணக்கு எழுதித் தருவதோடு சரி. விண்ணப்பம் எல்லாம் பிரவுசிங் சென்டர் அண்ணன்தான் போட்டுத் தருகிறார். எங்கே தவறுகிறேன்?
– ஒரு வாசகி, அரியலூர் மாவட்டம்

பதில்:
மகளிர் குழுவுக்குக் கணக்கு எழுதுவதைப் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிறீர்கள். உங்கள் கடிதத்தில் வேலை வாங்கித் தரக்கூடிய வரி அதுதான். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் சான்றிதழ்.

நீங்கள் கொண்டுபோனது தமிழ்நாடு அரசுப் பணிகளுக்கான எம்.பி.சி. சான்றிதழாக இருக்கும். பொதுத்துறை வங்கி, ரயில்வே, மத்திய அரசுப் பணிகளில் எம்.பி.சி. என்று ஒரு பிரிவே கிடையாது; அங்கே ஓ.பி.சி.தான். அதற்கு மத்திய அரசின் படிவத்தில், ‘கிரீமி லேயரில் வராதவர்’ என்ற வாசகத்தோடு தனிச் சான்றிதழ் வாங்க வேண்டும். அதற்கு முன், உங்கள் சாதி மத்திய அரசின் ஓ.பி.சி. பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மாநிலப் பட்டியலில் உள்ள எல்லாமே அதில் இருக்கும் என்று சொல்ல முடியாது. கிரீமி லேயருக்கான வருமான வரம்பு 2017 முதல் ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய். விவசாய வருமானத்தை இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை என்பதால் உங்களுக்குப் பெரும்பாலும் சிக்கல் வராது. அப்பாவுக்கு நிலம் இருக்கிறதே என்று பயந்துகொண்டு இதற்கு விண்ணப்பிக்காமலே இருந்துவிடும் பிள்ளைகள் நிறைய. சான்றிதழ் எந்தத் தேதிக்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும் என்று அறிவிப்பிலேயே போட்டிருப்பார்கள். பழையதைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள்.

டி.என்.பி.எஸ்.சி. கேள்விக்குப் பதில்: பட்டப்படிப்பைத் தகுதியாகக் கேட்கும் பதவி என்றால் குறிக்கக் கூடாது. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை இருப்பது உண்மைதான். ஆனால் 2020-ல் திருத்தப்பட்ட சட்டப்படி, பட்டப்படிப்பைத் தகுதியாகக் கொண்ட பதவிக்குப் பள்ளியிலிருந்து பட்டம் வரை தமிழ்வழியிலேயே படித்திருக்க வேண்டும். ‘பள்ளி வரைக்கும் தமிழ்தானே, குறித்து வைப்போம், கிடைத்தால் லாபம்’ என்று நினைத்தால், சான்றிதழ் சரிபார்ப்பில் கல்லூரி கையெழுத்திட்ட தமிழ்வழிச் சான்று இல்லாமல் நிற்க வேண்டிவரும். பொதுவாகவே, கையில் தாள் இல்லாத எந்தச் சலுகையையும் படிவத்தில் கோராதீர்கள். கடைசித் தேதிக்குப் பிறகு விண்ணப்பத்தைத் திருத்தச் சில நாட்கள் தருகிறார்கள். அதுவும் போய்விட்டால் நீங்கள் குறித்ததுதான் உங்கள் வாக்குமூலம்.

பெயரில் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு தனித் தொல்லை உண்டு. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் பின்னால் இருக்கும், ஆதாரில் முன்னால் இருக்கும், பான் அட்டையில் அப்பா பெயர் முழுசாக விரிந்திருக்கும். தேர்வு மையத்தில் நுழைவுச்சீட்டையும் அடையாள அட்டையையும் ஒப்பிட்டுப் பார்ப்பவருக்கு இவை மூன்று பேர். பத்தாம் வகுப்புச் சான்றிதழை ஆதாரமாக வைத்து மற்றவற்றை அதற்கு ஏற்பத் திருத்துங்கள். மதிப்பெண் சதவீதத்தையும் மேலே தள்ளி முழு எண்ணாக்காதீர்கள். 59.99 என்றாலும் 60-க்குக் குறைவாகவே கொள்ளப்படும் என்று வங்கித் தேர்வு அறிவிப்புகளிலேயே எழுதியிருக்கிறது. உங்கள் பல்கலைக்கழகம் சி.ஜி.பி.ஏ. தந்திருந்தால், அதைச் சதவீதமாக மாற்றும் முறையையும் பல்கலைக்கழகத்திடமே எழுத்தில் வாங்கி வையுங்கள்; நேர்காணலில் கேட்பார்கள்.

பிரவுசிங் சென்டர் அண்ணன் நல்லவராகவே இருக்கட்டும். ஆனால் அவசரத்தில் தன் மின்னஞ்சலையும் தன் செல்பேசி எண்ணையும் போட்டு ஓ.டி.பி. வாங்கும் பழக்கம் பல மையங்களில் உண்டு. அப்புறம் நுழைவுச்சீட்டு வந்த செய்தி அவருக்குப் போகும், உங்களுக்கு வராது. கணினி அவருடையதாக இருக்கலாம். எண்ணும் மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் உங்களுடையதாக இருக்க வேண்டும். வங்கித் தேர்வுக்குக் கேட்கும் ஆங்கில உறுதிமொழியை உங்கள் கையாலேயே எழுத வேண்டும், அதுவும் கேப்பிடல் எழுத்தில் இல்லாமல். அதைக்கூட எழுதித் தர ஆள் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள்!

இப்போது அந்த 200 சொல் கட்டத்துக்கு வருவோம்.

நீங்கள் அனுப்பியதை நான் பார்க்கவில்லை. ஆனாலும் அதில் ‘சவால்களை வாய்ப்புகளாக மாற்றும் மனப்பாங்கு’, ‘குழுவாகச் செயல்படும் திறன்’ இரண்டும் இருந்திருக்கும். அதே கருவியிடம் கேட்ட மற்றவர்களும் அதையேதான் அனுப்பியிருப்பார்கள். படித்துப் பார்ப்பவருக்குத் தேவை உங்கள் குணத்துக்கு நீங்களே கொடுக்கும் நற்சான்று அல்ல. ஒரு நாள் என்ன நடந்தது, நீங்கள் என்ன செய்தீர்கள், அதனால் என்ன ஆனது என்பதுதான் அவருக்கு வேண்டும்.

மகளிர் குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். மாதாமாதம் சேமிப்பு வசூல், உள்கடன், அதன் வட்டி, தவணை பாக்கி, வங்கிக் கடனுக்குக் கட்ட வேண்டிய தொகை, தீர்மானப் புத்தகம் என இத்தனையும் எழுதுகிறீர்கள். ஒரு நிதி நிறுவனக் கிளையில் புதிதாகச் சேருகிறவர் முதல் ஆண்டில் கற்றுக்கொள்கிற வேலையில் பாதி இது. இதை ‘சும்மா இருக்கிறேன்’ என்று எழுதுகிறீர்களே!

என்றாவது ஒரு மாதம் கணக்கு இடித்திருக்கும். கையில் உள்ள ரொக்கத்துக்கும் புத்தகத்துக்கும் ஐந்நூறோ அறுநூறோ ஒத்துப்போயிருக்காது. கூட்டத்தில் பேச்சு வளர்ந்திருக்கும். அப்போது பழைய பக்கங்களைப் புரட்டினீர்களா, ஒவ்வொருவர் பாஸ்புத்தகத்தையும் வாங்கி ஒப்பிட்டீர்களா? எங்கே பிழை இருந்தது? அது மறுபடி வராமலிருக்க என்ன ஏற்பாடு செய்தீர்கள்? அதை எழுதுங்கள். சூழலை இரண்டு வரியில் முடித்துவிட்டு, மீதி இடத்தை நீங்கள் செய்ததற்கே கொடுங்கள். ‘நாங்கள் சரிசெய்தோம்’ என்று பணிவாக எழுதுவது நம் வளர்ப்பு. ஆனால் படிவத்தில் அந்தப் பணிவு உதவாது. உங்கள் பங்கு எது என்றே அவர்களுக்குத் தெரியாமல் போகும். ‘நான்’ என்று எழுதத் தயங்க வேண்டாம். உறுப்பினர் எத்தனை பேர், எத்தனை மாதக் கணக்கு, எவ்வளவு தொகை என்பதை எண்ணால் எழுதுங்கள். ஆனால் உண்மையான எண்ணை. நேர்காணலில் அதே கதையைத் தோண்டுவார்கள். நடந்ததை எழுதியவருக்கு அங்கே பயமில்லை.

உங்களுக்கு ஆங்கிலம் தடுமாறினால் முதலில் தமிழில் எழுதி, பிறகு எளிய வாக்கியங்களாக மாற்றுங்கள். இலக்கணம் பார்க்கக் கருவியைக் கேளுங்கள், தவறில்லை. கதையை மட்டும் அதனிடம் கேட்காதீர்கள். அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு பதிலையும் நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அழைப்பு வர மாதங்கள் ஆகலாம். அதற்குள் என்ன எழுதினோம் என்பதே மறந்துபோகும்.

இருபது நிறுவனத்துக்கு ஒரே பதிலை அனுப்புவதைவிட, மகளிர் குழுக்களுக்குக் கடன் கொடுக்கும் நான்கைந்து நிறுவனங்களைத் தேர்ந்தெடுத்து இந்த அனுபவத்தோடு விண்ணப்பிப்பது மேல் என்பது என் எண்ணம். அதற்கும் முன்னால் இந்த வாரமே இ-சேவை மையத்துக்குப் போய் ஓ.பி.சி. சான்றிதழுக்கு விண்ணப்பித்துவிடுங்கள். வங்கித் தேர்வின் கடைசித் தேதி தாலுகா அலுவலகத்துக்குத் தெரியாது.