சுஸுகி கென்இச்சியும் ‘மனித நாற்காலி’யும்

இசைக்குழு ஒன்றினைக் கேட்போர் பெரும்பாலும் பாடுவோர் குரலையும் முன்னின்று ஒலிக்கும் கருவியையுமே கருத்திற்கொள்வர். அடியில் நின்று ஏனைய ஒலிகளையெல்லாம் தாங்கும் கருவியை நினைப்பார் சிலரே. மாடத்தை வியப்போர் கடைகாலை நோக்காமை போல்வது இது. அத்தகைய அடிநரம்பினை மீட்டுதலையே வாழ்க்கைத் தொழிலாகக் கொண்ட ஜப்பானியர் ஒருவர் வரலாற்றை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். அவர் பெயர் சுஸுகி கென்இச்சி. ஹெவி மெட்டல் என வழங்கும் வன்னிசைக்கு உரியது அவர் குழு. இலக்கியம் பயிலும் மாணாக்கர்க்கு அவர் வரலாறு ஒரு வினாவை எழுப்புகின்றது. தன் ஊர்ப் பேச்சையும் தன் நாட்டு நூல்களையும் கைவிடாதான் ஒருவன் பிற நாட்டார் செவியை எட்டுதல் கூடுமோ என்பதே அவ்வினா.

கருவியின் இயல்பு

நம் இசைநூலார் மெலிவு, சமன், வலிவு எனத் தானம் மூன்று கூறுவர். பேஸ் கித்தார் மெலிவிற்கே உரிய கருவி. நான்கு நரம்புகள் உடையது. கித்தாரின் தடித்த நான்கு நரம்புகளினும் ஒரு தானம் தாழ்ந்து ஒலிப்பது. அதன் கடைசி நரம்பு நொடிக்கு ஏறத்தாழ 41 முறையே அதிரும். 1951-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு லியோ பெண்டர் இதன் மின்வகையை விற்பனைக்குக் கொணர்ந்தார். அதன்பின் மெல்லிசைக் குழுக்களில், நின்று வாசிக்கும் பெரிய பேஸ் வாத்தியத்தின் இடத்தை இது பெரும்பாலும் கைக்கொண்டது.

வன்னிசையில் இக்கருவிக்குத் தனிச்சிறப்பு உண்டு. 1970-இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்துப் ‘பிளாக் சபாத்’ குழுவினர் தம் முதல் இசைத்தட்டை வெளியிட்டனர். அவருள் கித்தார் வாசித்த டோனி அயோமி என்பார் தொழிற்சாலை விபத்தில் இரு விரல்களின் நுனியை இழந்தவர். விரலுக்கு நோவு குறையுமாறு நரம்புகளைத் தளர்த்தி வாசித்தமையால் சுரம் தாழ்ந்தது, இசை கனத்தது. ஒருவர் உற்ற ஊறு ஒரு புதுநெறிக்குத் துணையாயிற்று. அந்நெறியைத் தம் நெறியாகக் கொண்டவருள் சுஸுகியும் ஒருவர்.

பிறப்பும் கல்வியும்

சுஸுகி 1966-ஆம் ஆண்டு, ஜப்பானின் வடகோடியை அடுத்த அவொமொரி மாகாணத்து ஹிரொசகி நகரிற் பிறந்தார். அப்பகுதிக்குத் த்ஸுகரு என்பது பழம்பெயர். நீண்ட பனிக்காலமும், ஆப்பிள் தோட்டங்களும், பழைய கோட்டையும் உடைய நாடு அது. ஆண்டுள்ள பேச்சுவழக்கோ தலைநகராகிய டோக்கியோவில் உள்ளாருக்கு எளிதில் விளங்காதது. புகழ்பெற்ற புதினாசிரியர் தஸாய் ஒஸாமு 1909-இல் அத்த்ஸுகருவிற் பிறந்து, ஹிரொசகியிற் கல்வி பயின்றவர் என்பதும் நினைவிற்கொள்ளத் தக்கது.

ஹிரொசகி உயர்நிலைப் பள்ளியிற் பயின்ற காலத்தில் வஜிமா ஷின்ஜி என்பவர் சுஸுகிக்குத் தோழரானார். வஜிமா கித்தார் வாசிப்பவர். பின்னர் இருவரும் மேற்படிப்பை நாடி டோக்கியோ சென்றனர். வஜிமா கொமஸாவா பல்கலைக்கழகத்திற் பௌத்த நூல்களைக் கற்றார். சுஸுகி, இயேசு சபைக் குருமார் 1913-இல் நிறுவிய ஸோபியா பல்கலைக்கழகத்தில் ருஷ்ய மொழி பயின்றார்.

குழுவின் தோற்றம்

1987-இல் இருவரும் குழு ஒன்று அமைத்தனர். அதற்கு இட்ட பெயர் ‘நிங்கென் இஸு’, அஃதாவது ‘மனித நாற்காலி’. எதொகவா ரம்போ என்னும் ஆசிரியர் 1925-இல் எழுதிய சிறுகதையின் பெயர் அது. நாற்காலி செய்யும் தச்சன் ஒருவன் தான் செய்த பெரிய நாற்காலியின் உள்ளே ஒளிந்திருந்து, அதன்மேல் அமர்வோரைத் தாங்கி வாழ்தலாகிய அச்சந்தரும் கதை அது. காணப்படாதிருந்து பிறரைத் தாங்குதல் பேஸ் வாசிப்போர்க்கும் ஒருவாறு பொருந்துதல் காண்க.

1989-இல், புதுக்குழுக்கள் போட்டியிடும் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றில் இவர்கள் தோன்றினர். மிஸுகி ஷிகெரு வரைந்த பேய்க்கதைச் சித்திரங்களில் ‘எலி மனிதன்’ என ஒரு பாத்திரம் உண்டு. சுஸுகி அவ்வேடம் புனைந்து மேடை ஏறினார். வேடம் நகைப்பை விளைப்பது. வாசிப்போ நகைப்பிற்கு உரியதன்று. அந்நிகழ்ச்சியால் நாடு அவர்களை அறிந்தது. 1990-இல் முதல் இசைத்தொகுப்பு வெளிவந்தது.

இலக்கியமும் இசையும்

அம்முதல் தொகுப்பின் பெயர் ‘நிங்கென் ஷிக்ககு’. தஸாய் 1948-இல் வெளியிட்ட புதினத்தின் பெயரே அது. 1991-இல் வந்த இரண்டாவது தொகுப்பு ஸகாகுச்சி அங்கோவின் கதையொன்றின் பெயரையும், 1993-இல் வந்த நான்காவது அகுதகவாவின் ‘ராஷோமொன்’ என்னும் பெயரையும் தாங்கின. அயல்நாட்டு இசைநெறியை மேற்கொண்ட ஜப்பானியக் குழுக்கள் சில ஆங்கிலத்திற் பாடியே உலகப் புகழை நாடின. இவர்களோ தம் மொழியிற் பாடினர். சில பாடல்களில் த்ஸுகருப் பேச்சினையே அமைத்தனர். அந்நாட்டு ஷமிஸென் யாழின் விரைந்த மீட்டுமுறையையும் வஜிமா கித்தாரில் ஏற்றினார்.

சுஸுகி பேஸ் வாசித்துக்கொண்டே பாடுபவர். பாட்டிற்கு இசை அமைப்பவருமாவார். அவர் பாடல்களிற் பல நரகத்தைப் பற்றியன. முகத்தில் வெண்பூச்சும் துறவியை ஒத்த உடையும் அவர்தம் மேடைக் கோலம். நரகத்தைக் குறிக்க ஜப்பானியர் வழங்கும் சொற்களுள் ‘நரகு’ என்பது ஒன்று. பௌத்த நூல்களின் வழியாக அங்குச் சென்ற வடசொல் அது. நாம் வழங்கும் நரகம் என்னும் சொல்லும் அவ்வடசொல்லினின்று வந்ததே. ஜப்பானியர் நாடகமேடையின் அடியிலுள்ள பள்ளத்தையும் அப்பெயரால் அழைப்பர்.

குழுவில் உள்ளோர் மூவரே: கித்தார் ஒன்று, பேஸ் ஒன்று, முரசுத்தொகுதி ஒன்று. கித்தார் தனித்து உயர்ந்து பாயுங்கால் அதன் இடத்தை நிரப்ப வேறொரு கித்தார் இல்லை. அப்பொழுது பாட்டின் கனம் முழுதும் பேஸின்மேல் விழும். அதனைச் சிதறவிடாது தாங்கி, அதனோடு தாமே பாடவும் செய்தல் எளிய செயலன்று.

இடர்ப்பட்ட காலம்

தொலைக்காட்சியால் வந்த புகழ் நெடிது நில்லவில்லை. 1990-ஆம் ஆண்டின் முடிவில் அந்நிகழ்ச்சி நின்றது. அது வளர்த்த குழுக்களின் ஆரவாரமும் சில ஆண்டுகளில் அடங்கிற்று. இவர்கள் தொகுப்புகள் விலைபோவது குறைந்தது. பிற வேலைகள் செய்து பொருள் ஈட்டிக்கொண்டே இசையைப் பேணவேண்டியதாயிற்று. முரசு வாசிப்போர் ஒருவர்பின் ஒருவராய் மாறினர்; 2004-இல் நகஜிமா நொபு வந்த பின்னரே அவ்விடம் நிலைபெற்றது. பள்ளித் தோழர் இருவர் மட்டும் பிரிந்திலர். காலத்திற்கேற்பப் பாணியை மாற்றுதல் அவர்க்கு அரிதன்று. ஆயினும் தாழ்ந்த சுரத்தையும் பழைய நூல்களையும் அவர்கள் விட்டிலர்.

2013-ஆம் ஆண்டு மே மாதம், டோக்கியோவை அடுத்த மகுஹரியில் ‘ஓஸ்பெஸ்ட்’ என்னும் பெரிய இசைவிழா நிகழ்ந்தது. பிளாக் சபாத் குழுவினரே அதிற் கலந்துகொண்டனர். அவ்விழா மேடையில் ‘மனித நாற்காலி’யும் வாசித்தது. முதல் தொகுப்பு வெளிவந்து இருபத்துமூன்று ஆண்டுகள் கழிந்தபின், தாம் இளமையில் வழிகாட்டியாகக் கொண்டவரோடு ஒரே விழாவில் நின்றார் சுஸுகி. அதன்பின் இளைஞர் பலர் இவர்களை நாடி வந்தனர்.

2019-இல் வெளிவந்த இருபத்தொன்றாம் தொகுப்பிலுள்ள ‘முஜோ நொ ஸ்கேட்’ என்னும் நீண்ட பாடல் யூடியூப் வாயிலாக உலகெங்கும் பரவிற்று. ஜப்பானிய மொழியில் ஒரு சொல்லும் அறியாதார் பலர் அதனைக் கேட்டு வியந்தனர். 2020 பிப்ரவரியில் ஜெர்மனியிலும் இலண்டனிலும் அவர்கள் வாசித்தனர். மொழியை மாற்றிக்கொண்டு சென்றிலர். த்ஸுகருவிற் பிறந்தாராகவே சென்றனர்.

முடிவுரை

2021-இல் வெளிவந்த தொகுப்பிற்கு ‘குரகு’ என்று பெயரிட்டனர். துன்பமும் இன்பமும் என்பது அதன் பொருள். ரம்போவின் ‘மனித நாற்காலி’ 1925-இல் முதன்முதல் அச்சேறிய இதழின் பெயரும் அதுவே. முப்பத்துநான்கு ஆண்டுகளின் பின்னும் தம் பெயரின் ஊற்றுக்கண்ணை அவர்கள் மறந்திலர் என்பதற்கு இது சான்று. 2023-இல் இருபத்துமூன்றாம் தொகுப்பும் வெளிவந்தது.

தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்கு இவ்வரலாறு கூறும் விடை யாது? கூடும் என்பதே. ஆயின் விரைவிற் கூடும் என்று அது கூறவில்லை. ஊர்ப் பேச்சினைப் பற்றி நிற்றல் மட்டும் ஒருவனை உயர்த்திவிடாது. அதனைத் தாங்கவல்ல தேர்ச்சியும், கேட்பாரில்லாத காலத்தும் தளராத உழைப்பும் வேண்டும். தாய்மொழி இலக்கியத்தைப் பாடமாகக் கொண்ட நம்மை நோக்கி, ‘இதனால் என்ன பயன்?’ என்று வினவுவோர் உளர். அவர்க்குச் சொல்லால் விடையிறுப்பதினும், சுஸுகியைப் போல, தாழ்ந்த நரம்பினைத் தளராது மீட்டிக் காட்டுதலே தக்க விடையாகும்.