கணினி திணறும்போது எந்த வேலையை நிறுத்துவது?

1969 ஜூலை 20. நிலவின் தரையை நோக்கி இறங்கிக்கொண்டிருந்த அப்போலோ 11 கலத்தின் கணினித் திரையில் திடீரென 1202 என்ற எச்சரிக்கை எண் தோன்றியது. ‘எனக்கு வேலை அளவுக்கு மீறிவிட்டது’ என்பதே அதன் பொருள். தரையிறங்கத் தேவைப்படாத ஒரு ரேடாரிலிருந்து ஓயாமல் வந்த குறிப்புகள், கணினியின் நேரத்தில் சுமார் 13 விழுக்காட்டை விழுங்கிக்கொண்டிருந்தன.

ஆயினும் கலம் பத்திரமாக இறங்கியது. எம்ஐடி கழகத்தில் அந்த மென்பொருளை உருவாக்கியவர்கள் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு முன்னுரிமை எண் கொடுத்திருந்தனர். நெருக்கடி வந்ததும் கணினி கண நேரத்தில் தன்னை மறுதொடக்கம் செய்துகொண்டு, கலத்தைச் செலுத்தும் வேலையை விடாமல் தொடர்ந்தது. அவசரமில்லாத வேலைகளைக் கைவிட்டது.

மாணவர்களே, நாளை காலையில் ஒப்படைக்க வேண்டிய செயல்திட்டம் பாதியில் நிற்கும்போது உங்கள் மடிக்கணினி திணறினால் என்ன செய்வீர்கள்? பலர் மின்விசையை அழுத்திப் பிடித்து அணைத்துவிடுவார்கள். சேமிக்காத வேலையும் அதோடு போய்விடும். லினக்ஸ் இயங்குதளத்தின் கட்டளைவரி இதைவிட நல்ல வழிகளைத் தருகிறது.

முதலில் பாருங்கள்: டாப்

இயங்கிக்கொண்டிருக்கும் ஒரு நிரலைச் ‘செயல்முறை’ என்கிறோம். ஒவ்வொரு செயல்முறைக்கும் ஓர் அடையாள எண் உண்டு. முனையத்தைத் திறந்து ‘டாப்’ என்ற கட்டளையை (டி, ஓ, பி என்ற மூன்று சிற்றெழுத்துகள்) தட்டச்சு செய்தால், செயல்முறைகளின் பட்டியல் தோன்றும். சில விநாடிகளுக்கு ஒருமுறை அது தானே புதுப்பித்துக்கொள்ளும். பெரிய ‘பி’ எழுத்தை அழுத்தினால் மையச் செயலகத்தை அதிகம் பயன்படுத்துவது மேலே வரும். பெரிய ‘எம்’ எழுத்தை அழுத்தினால் நினைவகத்தை அதிகம் பிடித்திருப்பது மேலே வரும். வெளியேறச் சிறிய ‘கியூ’.

ஒரு செயல்முறைக்கு நேராக 180 விழுக்காடு என்று இருந்தால் திகைக்க வேண்டாம். லினக்ஸில் ஒரு கோர் முழுதாக உழைப்பதே 100 விழுக்காடு. 4 கோர் உள்ள கணினியில் மொத்தம் 400 வரை போகலாம்.

மூன்று எண்கள் சொல்லும் கதை

டாப் திரையின் முதல் வரியில் ‘சராசரிச் சுமை’யாக மூன்று எண்கள் இருக்கும். அவை கடந்த 1, 5, 15 நிமிடங்களுக்கு உரியவை. உணவங்காடிக் கடையொன்றில் 4 அடுப்புகள் இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். ஒரே நேரத்தில் 4 பேருக்குச் சமைக்கலாம். 8 பேர் வந்தால் 4 பேர் வரிசையில் நிற்க வேண்டும். 4 கோர் கணினியில் சுமை 8 என்பதும் அப்படித்தான். முதல் எண் மூன்றாவதைவிடப் பெரிதாக இருந்தால் நெருக்கடி கூடிவருகிறது. சிறிதாக இருந்தால் தணிந்துவருகிறது. தணிந்துவரும் நெருக்கடியில் கைவைக்காமல் சற்றுப் பொறுப்பதே மேல்.

சில வேளைகளில் சுமை உயர்ந்திருக்கும், ஆனால் மையச் செயலகம் சும்மா இருக்கும். லினக்ஸ், சேமிப்பு வட்டின் பதிலுக்காகக் காத்திருக்கும் செயல்முறைகளையும் அந்த எண்ணில் சேர்த்துக்கொள்வதே காரணம். நினைவகம் நிரம்பிவிட்டால் கணினி தரவுகளை வட்டுக்கு மாற்றி மாற்றி எடுக்கத் தொடங்கும். வட்டு நினைவகத்தைவிடப் பன்மடங்கு மெதுவானது. அதனால் எல்லாமே ஊர்ந்து செல்லும். அப்போது தேட வேண்டியது நினைவகத்தை நிரப்பியவரை.

பிறகு விட்டுக்கொடுக்கச் சொல்லுங்கள்: நைஸ்

காணொளி ஒன்றை உருமாற்றும் வேலை கணினியை அடைத்துக்கொண்டிருக்கிறது. அதுவும் உங்களுக்குத் தேவைதான், ஆனால் அவசரமில்லை. அதை நிறுத்த வேண்டியதில்லை. மற்றவற்றுக்கு வழிவிடச் செய்தால் போதும்.

இதற்குத்தான் ‘நைஸ்’ எண். அது -20 முதல் 19 வரை இருக்கும். வழக்கமான மதிப்பு 0. எண் கூடக்கூட அந்தச் செயல்முறை மற்றவற்றுக்கு அதிகம் விட்டுக்கொடுக்கும். ஒரே முனையத்திலிருந்து தொடங்கிய இரண்டு நிரல்கள் ஒரே கோருக்குப் போட்டியிடுகின்றன என்போம். ஒன்றின் எண் 0, மற்றொன்றின் எண் 10 என்றால், முதலாவதுக்கு ஏறத்தாழ 90 விழுக்காடு நேரம் கிடைக்கும். போட்டி இல்லாதபோது 10 என்ற எண் கொண்டதும் முழு வேகத்தில் ஓடும். ஓடிக்கொண்டிருக்கும் செயல்முறையின் எண்ணை மாற்ற, டாப் திரையில் சிறிய ‘ஆர்’ எழுத்தை அழுத்தலாம். சாதாரணப் பயனர் தன் செயல்முறைகளின் எண்ணைக் கூட்டலாம். குறைக்கும் உரிமை பொதுவாக நிர்வாகிக்கே உண்டு.

கடைசியில் நிறுத்துங்கள்: கில்

‘கில்’ என்ற கட்டளையின் பெயர் அச்சமூட்டும். உண்மையில் அது செயல்முறைக்கு ஒரு சமிக்ஞையை அனுப்புகிறது, அவ்வளவே. வெறும் கில் கட்டளையும் அடையாள எண்ணும் கொடுத்தால் 15ஆம் சமிக்ஞை செல்லும். ‘வேலையை முடித்துக்கொண்டு கிளம்பு’ என்ற வேண்டுகோள் அது. ஒழுங்காக எழுதப்பட்ட நிரல், கோப்புகளை முறையாக மூடிவிட்டு வெளியேறும்.

9ஆம் சமிக்ஞை வேறு வகை. அதை எந்த நிரலாலும் தடுக்கவோ கவனிக்கவோ முடியாது. இயங்குதளமே அதை அந்த இடத்திலேயே முடித்துவிடும். பாதி எழுதிய கோப்பு பாதியிலேயே நிற்கும். எனவே முதலில் 15. சில விநாடிகள் பொறுங்கள். பயனில்லை என்றால் மட்டும் 9. எண்ணைத் தட்டும் முன் ஒருமுறைக்கு இருமுறை சரிபாருங்கள். ஓர் இலக்கம் தவறினால் வேறொரு செயல்முறை பலியாகும்.

செய்து பாருங்கள்

பள்ளிக் கணினி என்றால் முதலில் ஆசிரியரிடம் அனுமதி பெறுங்கள். இரண்டு முனையச் சாளரங்களைத் திறந்து, ஒன்றில் டாப் கட்டளையை ஓடவிடுங்கள். மற்றொன்றில் ‘யெஸ்’ (ஒய், இ, எஸ்) கட்டளையைக் கொடுங்கள். அது ‘ஒய்’ என்ற எழுத்தை வரிக்கு ஒன்றாக முடிவில்லாமல் அச்சிடும். இப்போது டாப் பட்டியலைப் பாருங்கள். யெஸ் மட்டுமல்ல, அந்த எழுத்துகளைத் திரையில் வரையும் முனைய நிரலும் மேலே ஏறியிருக்கக் காண்பீர்கள். சில வேளைகளில் அதுவே முதலிடத்தில் இருக்கும்!

அதை நிறுத்தினால் உங்கள் சாளரம்தான் மூடும். யெஸ் செயல்முறையின் அடையாள எண்ணைக் கண்டு, அதற்கு 15ஆம் சமிக்ஞை அனுப்புங்கள். இரண்டும் ஒருசேர அடங்கும். பட்டியலின் உச்சியில் இருப்பதே குற்றவாளி என்று முடிவுகட்டக் கூடாது. அதற்கு வேலை கொடுத்தது யார் என்று கேட்க வேண்டும். அப்போலோ கணினியைத் திணறடித்ததும் தரையிறக்கும் நிரல் அல்லவே.

சிந்திக்க: 2 கோர் உள்ள கணினியின் சராசரிச் சுமை 6, 3, 1 என்று காட்டுகிறது. நெருக்கடி கூடுகிறதா, குறைகிறதா? சராசரியாக எத்தனை செயல்முறைகள் வரிசையில் காத்திருக்கலாம்?