ஓடும் கால்களும் ஒன்றும் மனமும்

நுழையும்முன்

ஓரிடத்தில் உட்கார மாட்டாத பிள்ளையை ‘வால்’ என்கிறோம். சொன்னதை மறந்துவிடும் பிள்ளையைச் ‘சோம்பேறி’ என்கிறோம். இவ்விரு பெயர்களும் அப்பிள்ளையைக் குற்றவாளி ஆக்குகின்றனவே அன்றி, அதற்கு என்ன நேர்ந்திருக்கிறது என்று கேட்பதில்லை. கவனம் என்பது மனத்தின் தொழில் மட்டும்தானா, உடலுக்கும் அதில் பங்குண்டா என ஆராய்கிறது இக்கட்டுரை.

*

மாமல்லபுரத்திற்குச் சுற்றுலா சென்றவர்கள் அங்குள்ள பெரும்பாறைப் புடைப்புச் சிற்பத்தைக் கண்டிருப்பீர்கள். அதனை அருச்சுனன் தவம் என்பாரும் உளர். பகீரதன் தவம் என்பாரும் உளர். விலா எலும்புகள் தெரிய, இரு கைகளையும் தலைக்குமேல் உயர்த்தி, ஒற்றைக்காலில் நிற்கிறார் ஒரு தவசி. பாறையின் கீழ்ப்பகுதியில் பெரிய யானையின் அருகே, அவரைப் போலவே கைதூக்கி நிற்கிறது ஒரு பூனை. அதனைச் சுற்றி எலிகள். பூனையைக் கண்டதும் மாணவர்கள் சிரிப்பார்கள். பொய்த்தவம் என்று நாமும் விளக்கம் சொல்லிவிட்டு நகர்வோம். எண்ணிப் பார்த்தால், பூனையும் முழுக் கவனத்தோடுதான் நிற்கிறது. அக்கவனம் எலியின்மேல் இருக்கிறது என்பதே வேறுபாடு.

அச்சிற்பத்தில் அமர்ந்திருக்கும் முனிவர்களும் உண்டு. ஆயினும், நம் கண் முதலில் செல்வது நிற்பவரிடமே. நீங்களும் ஒற்றைக்காலில் நின்று பாருங்கள். எதிர்ச்சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டிருக்கும்வரை நிற்க முடியும். பார்வை அலைந்தால் உடல் ஆடும். உடல் ஆடியதும் மனம் தானாகத் திரும்பி வந்து காலைப் பிடித்துக்கொள்ளும். உடலைக் காப்பது கவனம். கவனத்தை மீட்டுத் தருவது உடல். இவ்வூருக்குப் பெயர் தந்த முதலாம் நரசிம்மவர்மன் ‘மாமல்லன்’ எனப்பட்டான். மல்லன் என்பது மற்போர் வீரனைக் குறிக்கும். உடற்பயிற்சியைப் பெயரிலேயே தாங்கிய ஊர் அது.

நம் வகுப்பறைகளோ வேறு வகையான கவனத்தையே அறிந்துள்ளன. கைகட்டி, வாய்மூடி, அசையாமல் இருப்பவனே கவனிக்கிறான் என்பது அங்கே எழுதப்படாத விதி.

அசையாதே என்ற கட்டளை

நான் பணியில் சேர்ந்த புதிதில் கடற்கரையை ஒட்டிய ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்புக்குத் தமிழ் கற்பித்தேன். மீனவக் குப்பத்திலிருந்து வந்த மாணவன் ஒருவன் மூன்றாம் வரிசையில் இருந்தான். அவன் கால் ஆடிக்கொண்டே இருக்கும். எழுதுகோல் நாள்தோறும் தொலையும். கேள்வியை முடிக்குமுன் விடையைக் கத்துவான். பெரும்பாலும் அது வேறொரு கேள்விக்கான விடையாக இருக்கும். அதட்டினேன், வெளியே நிறுத்தினேன். எதுவும் பயன்படாதபோது அவனுடைய விளையாட்டுப் பாடவேளையைப் பறித்துக்கொண்டேன். மற்றவர்கள் திடலில் ஓட, அவன் என்முன் அமர்ந்து விடுபட்ட பாடங்களை எழுதினான். அதற்கடுத்த பாடவேளைகளில் அவன் நிலைமை மேலும் மோசமாயிற்று. பிடிவாதம் என்று நான் முடிவு செய்தேன்.

ஒரு விடியற்காலையில் அவனைக் கடற்கரையில் கண்டேன். தந்தையோடு கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு நின்றான். அலைகள் ஒன்றன்பின் ஒன்றாக உடைந்தன. அவர்கள் தள்ளவில்லை, காத்திருந்தார்கள். அச்சிறுவன் கடலைவிட்டுக் கண்ணை எடுக்காமல் நின்றான். எவ்வளவு நேரம் என்று நான் கணக்கிடவில்லை. வகுப்பில் அவன் அவ்வளவு நேரம் எதையும் பார்த்ததில்லை என்பது மட்டும் தெரியும். இரண்டு பேரலைகளுக்கு இடையே சற்றே கடல் அடங்கியதும் அவன்தான் முதலில் குரல் கொடுத்தான். மரம் நீரில் பாய்ந்தது.

இதனை எங்கள் உடற்கல்வி ஆசிரியரிடம் கூறினேன். “காலை வணக்கத்துக்கு முன்னால் அவனைத் திடலில் நாலு சுற்று ஓடவிடுங்கள், சார்” என்றார் அவர். ஓடவிட்டோம். முதல் இரண்டு பாடவேளைகள் முன்பைவிட எளிதாகக் கழிந்தன. வீட்டுப்பாடத்தை அவன் தொடர்ந்து மறக்கவே செய்தான். எழுதுகோலும் தொலைந்துகொண்டுதான் இருந்தது. ஆயினும், ஒரு பத்தியை இறுதிவரை படிக்க அவனால் முடிந்தது. அடுத்த ஆண்டு எனக்கு மாறுதல் வந்தது. அவன் பத்தாம் வகுப்பை முடிக்காமலே படிப்பை நிறுத்திவிட்டதைப் பின்னர் அறிந்தேன். அவனுக்கு இருந்தது குறும்பா, கோளாறா என்று இன்று என்னால் கூற இயலாது. மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்ற எண்ணமே அன்று எங்களில் எவருக்கும் தோன்றவில்லை.

கோளாறு எது?

1902ஆம் ஆண்டு இலண்டன் அரச மருத்துவர்கள் கல்லூரிப் பேருரைகளில் ஜார்ஜ் ஸ்டில் என்னும் குழந்தை மருத்துவர், அறிவுத்திறன் குறையாதிருந்தும் தம்மைக் கட்டுப்படுத்திக்கொள்ள இயலாத குழந்தைகளைப் பற்றி எடுத்துரைத்தார். அவர் விவரித்த நிலையின் தொடர்ச்சியாகவே இன்று ‘கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு’ என்று மருத்துவம் கூறுவதைப் பலர் காண்கின்றனர். ஏ.டி.எச்.டி. என்னும் சுருக்கப் பெயரால் அதனை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். உலக அளவில் நூற்றுக்கு ஏறத்தாழ ஐந்து குழந்தைகளிடம் இது காணப்படுவதாக மதிப்பிடுகின்றனர். கோவையில் தொடக்கப்பள்ளி மாணவர்களிடையே நடத்தப்பெற்று 2013இல் வெளிவந்த ஆய்வொன்று நூற்றுக்குப் பதினொருவர் என்ற அளவைக் காட்டியது. அளக்கும் முறை மாறினால் எண்ணும் மாறும். ஆனால் ஒவ்வொரு வகுப்பிலும் இத்தகைய பிள்ளை ஒன்றிரண்டு இருக்கக்கூடும் என்பதை இரண்டு எண்களுமே உணர்த்துகின்றன.

ஒருநாள் பாடத்தில் மனம் செல்லாததெல்லாம் கோளாறு ஆகாது. அறிகுறிகள் பன்னிரண்டு வயதுக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும். ஆறு மாதமேனும் நீடிக்க வேண்டும். பள்ளியில் மட்டுமன்றி வீடு முதலிய வேறிடங்களிலும் காணப்பட வேண்டும். ஓடியாடும் சிறுவனை எல்லாரும் கண்டுகொள்கிறார்கள். சன்னலோரம் அமைதியாக அமர்ந்து, ஒரு சொல்லும் காதில் விழாமல் வாடும் சிறுமியை எவரும் கண்டுகொள்வதில்லை. அவளுக்கும் இதே கோளாறு இருக்கலாம். மிகையியக்கம் இன்றிக் கவனக்குறைவு மட்டும் உள்ள வகையும் உண்டு.

நெற்றிக்குப் பின்னுள்ள முன்மூளைப் புறணியே நம் கவனத்திற்குக் கடிவாளம் போன்றது. எதைப் பார்ப்பது, எதை விடுப்பது, எப்போது பொறுப்பது என்பவற்றை அது நெறிப்படுத்துகிறது. அப்பகுதி சீராக இயங்க டோபமின், நார்எபிநெப்ரின் என்னும் வேதிப்பொருள்கள் தேவை. இக்கோளாறு உள்ளவர்களிடம் இவ்வேதிப்பொருள்களின் செயற்பாட்டில் வேறுபாடு உள்ளது என்பதே இன்றைய பொதுக்கருத்து. மருத்துவர்கள் தரும் மருந்துகள் பெரும்பாலும் இவற்றின்மீதே செயற்படுகின்றன. மூச்சு வாங்க ஓடும்போதும் நீந்தும்போதும் இதே வேதிப்பொருள்கள் மூளையில் கூடுதலாகச் சுரக்கின்றன. ஓட்டத்திற்கும் கவனத்திற்கும் உள்ள உறவை விளக்கும் காரணங்களுள் இதுவும் ஒன்று.

ஆய்வுகள் கூறுவன

அமெரிக்காவில் நடந்து 2013இல் வெளிவந்த ஆய்வொன்றில், எட்டு முதல் பத்து வயதுக்குட்பட்ட, இக்கோளாறு உள்ள இருபது குழந்தைகளும் கோளாறு இல்லாத இருபது குழந்தைகளும் பங்கேற்றனர். ஒருநாள் இருபது நிமிடம் மிதமான வேகத்தில் ஓடுபொறிமீது பயிற்சி செய்தனர். மற்றொரு நாள் அதே நேரம் அமர்ந்து படித்தனர். பயிற்சி செய்த நாளில் இருசாராருமே கவனச் சோதனையில் பிழை குறைத்தனர். வாசிப்பிலும் கணக்கிலும் கூடுதல் மதிப்பெண் பெற்றனர். கோளாறு இல்லாதவரும் பயன்பெற்றனர் என்பதை நீங்கள் கருத்தில் கொள்க.

ஏறத்தாழ இருநூறு சிறுவர் பங்கேற்ற மற்றோர் ஆய்வு 2015இல் வெளிவந்தது. பன்னிரண்டு வாரங்கள், பள்ளி தொடங்குமுன் நாள்தோறும் அரைமணி நேரம் ஒரு பிரிவினர் ஓடியாடினர். மற்றொரு பிரிவினர் வகுப்பறையில் கைவினை செய்தனர். கவனக்குறைவைத் தணிப்பதில் ஓடியாடியவர்கள் முந்தினர். எனினும், கைவினை செய்தவர்களிடமும் ஓரளவு முன்னேற்றம் இருந்தது. ஒரு பெரியவர் நாள்தோறும் தங்களோடு நேரம் செலவிடுவதே பிள்ளைகளுக்கு நன்மை தந்திருக்கலாம். நல்ல ஆய்வு இத்தகைய ஐயங்களை மறைப்பதில்லை.

என்னை உறுத்தியது வேறோர் ஆய்வு. அதுவும் 2015இல் வந்ததே. எட்டு முதல் பன்னிரண்டு வயதுச் சிறுவர்களைச் சுழல் நாற்காலியில் அமர்த்தி, எண்களையும் எழுத்துகளையும் மனத்தில் நிறுத்தி வரிசைப்படுத்துமாறு கூறினர். கோளாறு உள்ள சிறுவர்கள் எந்த அளவுக்கு அசைந்தார்களோ அந்த அளவுக்கு நன்றாகச் செய்தார்கள்; கோளாறு இல்லாதவர்களோ அசைந்தபோது பிழை செய்தார்கள். மூன்றாம் வரிசையில் ஆடிக்கொண்டிருந்த அந்தக் கால், கவனம் சிதறியதன் அடையாளமாக அன்றி, கவனத்தைப் பிடித்து வைக்க அவன் செய்த முயற்சியாக இருந்திருக்கக்கூடும். ‘காலை ஆட்டாதே’ என்று அன்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்!

தெரிந்து தெளிவோம்

இக்கோளாறு உள்ள, ஏழு முதல் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பதினேழு குழந்தைகளை இருபது நிமிடம் பூங்காவிலும், கடைத்தெருவிலும், குடியிருப்புப் பகுதியிலும் தனித்தனியே நடக்கச் செய்தனர். பூங்காவில் நடந்தபின் அவர்களுடைய கவனம் மற்ற இரண்டையும்விட மேம்பட்டிருந்தது (2009). நம் கடற்கரைச் சவுக்குத் தோப்புகளில் யாரேனும் இத்தகைய ஆய்வை நடத்தலாம்.

ஓட்டத்தின் எல்லை

ஓடினால் எல்லாம் சரியாகிவிடும் என்று எவரேனும் கூறினால் நம்பாதீர்கள். கண்ணாடி அணிய வேண்டியவரைக் கண்ணுக்குப் பயிற்சி செய்யச் சொல்லி அனுப்புவது போன்றது அது. உடற்பயிற்சி துணை செய்யும். நோயறிதலுக்கும் மருத்துவத்திற்கும் மாற்றாகாது. மருந்து தேவையா என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு, செங்கல்பட்டிலும் உண்டு. கவனக்குறைவோடு வேறு குறைபாடுகளும் சேர்ந்து வாழும் குழந்தைகளின் பெற்றோர், முட்டுக்காட்டில் இயங்கும் பல்வகை மாற்றுத்திறனாளிகள் மேம்பாட்டுக்கான தேசிய நிறுவனத்தை நாடலாம். 14416 என்ற எண்ணில் மத்திய அரசின் மனநல உதவி கிடைக்கும்.

அலையும் சதுரங்கமும்

எல்லா உடற்பயிற்சியும் ஒன்றல்ல. ஓடுபொறியின்மேல் ஓடும்போது மூளைக்குப் பெரிதாக வேலையில்லை. சிலம்பத்திலோ எதிரியின் கம்பைக் கண் பின்தொடர வேண்டும். கால் அடிமுறையை நினைவில் வைக்க வேண்டும். சடுகுடுவில் மூச்சும் எண்ணமும் ஒருங்கே ஓட வேண்டும். கவனத்தையும் சேர்த்துப் பழக்கும் இவ்வகை ஆட்டங்கள் கூடுதல் பயன் தரலாம் என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர்.

கோவளம் கடற்கரையில் இதற்கொரு காட்சி உண்டு. மீனவரான மூர்த்தி மேகவன் தாமே அலைச்சறுக்குக் கற்று, 2012இல் அங்கே ஒரு பயிற்சிப் பள்ளி உருவாகக் காரணமானார். புகையும் மதுவும் கூடாது என்பது அவர் முன்வைத்த கொள்கை. அலைச்சறுக்கில் பலகைமீது நிற்கும் நேரம் சில நொடிகளே. எஞ்சிய நேரமெல்லாம் நீரில் கிடந்து, எந்த அலை தனக்குரியது எனக் காத்திருப்பதே. கட்டுமரத்தின் அருகே நின்ற அச்சிறுவன் செய்ததும் அதைத்தான். 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டிகள் மாமல்லபுரத்திலேயே நடைபெற்றன.

அதே மாமல்லபுரத்தில் 2022இல் 44ஆவது சதுரங்க ஒலிம்பியாட் நடந்தபோது, பதினாறு வயது குகேஷ் தொடர்ந்து எட்டு ஆட்டங்களில் வென்றார். சதுரங்கம் அமர்ந்து ஆடுவது. அதற்கு உடல் எதற்கு எனத் தோன்றலாம். ஓர் ஆட்டம் நான்கைந்து மணிநேரம்கூட நீளும். உடல் தளர்ந்தால் கடைசி மணிநேரத்தில் கண்முன் உள்ள காயும் புலப்படாது. முன்னணி ஆட்டக்காரர்கள் ஓட்டத்தையும் நீச்சலையும் தங்கள் பயிற்சியில் சேர்த்துக்கொள்வது இதனாலேயே.

உங்கள் கால அட்டவணை

ஐந்து முதல் பதினேழு வயதினர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடமேனும் உடலை நன்கு இயக்க வேண்டும் என்கிறது உலக நலவாழ்வு நிறுவனம். 2016ஆம் ஆண்டுத் தரவுகளின்படி உலகில் 11 முதல் 17 வயதுக்குட்பட்டோரில் 81 விழுக்காட்டினர் இந்த அளவை எட்டவில்லை. மாணவியர் நிலை மாணவர்களைவிடவும் பின்தங்கியிருந்தது. பதினொன்றாம் வகுப்புக்கு வந்ததும் உடற்கல்விப் பாடவேளை முதலில் இயற்பியலுக்கும் பிறகு கணக்கிற்கும் கடனாகச் செல்கிறது. கடன் வாங்கியவர்களுள் தமிழாசிரியர்களும் உண்டு, நானும் வாங்கியிருக்கிறேன். திருப்பிக் கொடுத்ததாக நினைவில்லை.

இப்போது என் வகுப்பில் பாடவேளையின் நடுவே ஒருமுறை எல்லாரும் எழுந்து நிற்கிறோம். மனப்பாடச் செய்யுளை நின்றபடியே, சிலர் ஒற்றைக்காலில், சேர்ந்து சொல்கிறோம். பக்கத்து வகுப்பிலிருந்து சத்தம் அதிகம் என்று முறையீடு வந்ததுண்டு. சன்னலோரத்து மாணவியின் குரலும் அதில் கேட்கிறது.

கற்பவை கற்றபின்

ஒரு மாதம் உங்கள் வகுப்பின் உடற்கல்விப் பாடவேளைகள் எவ்வாறு பயன்பட்டன எனக் குறித்து வையுங்கள். விளையாடிய நாளிலும் விளையாடாத நாளிலும் அடுத்த பாடவேளையில் உங்கள் கவனம் எவ்வாறு இருந்தது என்பதையும் எழுதி, அக்குறிப்புகளை வகுப்பாசிரியரிடம் காட்டிக் கலந்துரையாடுங்கள்.