அறிவித்தால் பொறுப்பு: பிஜிபியில் ரூட்களைத் தொகுக்கும் முறை

பிஜிபியில் ரூட்களைத் தொகுக்கத் தேவையான கட்டளை ஒரே வரிதான். அந்த ஒரு வரியை எழுத்துப்பிழை இல்லாமல் தட்டியும்கூட, சொந்த நெட்வொர்க்கை இணையத்திலிருந்து காணாமல் போகச் செய்துவிட முடியும். கட்டளை சிறிது, அது சொல்லும் செய்தி பெரிது என்பதே காரணம். 198.18.0.0/24 முதல் 198.18.3.0/24 வரை நான்கு ரூட்களை அறிவித்துவந்த ரவுட்டர், அவற்றுக்குப் பதிலாக 198.18.0.0/22 என்று ஒன்றை மட்டும் அறிவிக்கும்போது, ‘இந்த 1,024 முகவரிகளில் எதற்கு வரும் பாக்கெட்டானாலும் என்னிடம் கொடுங்கள்’ என்கிறது. உள்ளே ஒரு பகுதி பயன்பாட்டிலேயே இல்லாவிட்டாலும், ஒரு லிங்க் அறுந்து கிடந்தாலும், வெளியே போன அந்த அறிவிப்பு மாறுவதில்லை. ஆகவே தொகுப்பை முதலில் ஒரு பொறுப்பாக எடுத்துக்கொள்ள வேண்டும்; பட்டியல் சுருங்குவது அதன் பிறகு கிடைக்கும் பலன். கீழே சொல்லும் படிகளின் வரிசை இந்தக் கருத்திலிருந்தே வருகிறது. உதாரணங்களில் வரும் 198.18 முகவரிகள் சாதனச் சோதனைக்கென்றும், 64500 என்ற ஏஎஸ் எண் ஆவணங்களுக்கென்றும் ஒதுக்கப்பட்டவை. அந்த இடங்களில் உங்கள் எண்களை வைத்துக்கொள்ளுங்கள்.

தொகுப்பு ஏன் வேண்டும் என்பதில் இன்று யாருக்கும் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. ஏ, பி, சி என்று வகுப்பு பிரித்து முகவரி வழங்கிய காலத்தில் ரூட் பட்டியல் வீங்கிக்கொண்டே போனது. 1993-இல் வந்த சிஐடிஆர் முறையும், அதைச் சுமந்து வந்த பிஜிபி நான்காம் பதிப்பும்தான் அடுத்தடுத்த பிரிஃபிக்ஸ்களைச் சேர்த்து ஒன்றாக அறிவிக்க வழி செய்தன. தபாலில் உள்ள ஒழுங்கும் இதுவே: டெல்லியில் கடிதம் பிரிப்பவருக்குப் பின்கோடின் முதல் இலக்கமான 6 போதும். அது திருநெல்வேலியின் 627-ஆ, ஈரோட்டின் 638-ஆ என்பதைத் தெற்கே வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். இந்த ஒழுங்கு குலைந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2014 ஆகஸ்ட் 12 சாட்சி. அன்று அமெரிக்காவின் வெரைசன் நெட்வொர்க்கிலிருந்து சுமார் 15,000 உட்பிரிவு ரூட்கள் திடீரென வெளியே வந்தன. ஏற்கெனவே விளிம்பில் இருந்த உலக ரூட் பட்டியல் ‘512 கே’ என்ற எல்லையைத் தாண்டியது. பழைய சில ரவுட்டர்களின் ஹார்டுவேர் நினைவகத்தில் ஐபிவி4-க்கு இயல்பாக ஒதுக்கப்பட்டிருந்த இடமே அவ்வளவுதான் என்பதால், பல நாடுகளில் சேவை தடுமாறியது. இன்று ஐபிவி4 பட்டியல் 9 லட்சத்துக்கும் மேல். அதில் ஏறக்குறைய பாதி, ஏற்கெனவே அறிவிக்கப்பட்ட ஒரு பெரிய பிரிஃபிக்ஸுக்குள் அடங்கும் உட்பிரிவுகள்.

முதல் படிக்கு ரவுட்டர் தேவையில்லை, காகிதம் போதும். /22 என்பது மூன்றாம் எண் நான்கின் மடங்காக இருக்கும் இடத்தில் மட்டுமே தொடங்க முடியும். 198.18.0 முதல் 198.18.3 வரை ஒரு /22 ஆகும். 198.18.2 முதல் 198.18.5 வரையும் நான்கு /24-கள்தான், ஆனால் அவை இரண்டு /23-களாகத்தான் நிற்கும். இங்கேதான் ஆசை வழி தவறச் செய்கிறது. கையில் ஏழு /24-கள் இருக்கின்றன, எட்டாவது வேறொருவருடையது, இருந்தாலும் ஒரே /21-ஆக அறிவித்துவிடலாம் என்று தோன்றும். அந்த எட்டாவதின் உரிமையாளர் தன் /24-ஐ அறிவித்துக்கொண்டிருக்கும் வரை பாதிப்பு தெரியாது. நீளமான பிரிஃபிக்ஸுக்கே முன்னுரிமை. அவருடைய லிங்க் விழுந்த நிமிடம், அவருக்குப் போகவேண்டிய டிராஃபிக் உங்கள் வாசலுக்கு வரும். உங்களுக்கு ஒதுக்கப்படாத ஒரு முகவரிகூடத் தொகுப்புக்குள் வரக்கூடாது. இதில் சலுகையே இல்லை.

இரண்டாம் படி, தொகுப்புக்குள் ஆளில்லாத முகவரிகளுக்கு ஒரு முடிவு கட்டுவது. 198.18.3.0/24 இன்னும் யாருக்கும் கொடுக்கப்படவில்லை என்று வைத்துக்கொள்வோம். வெளியிலிருந்து அந்த முகவரிக்கு ஒரு பாக்கெட் வருகிறது. உங்கள் ரவுட்டரில் அதற்கான ரூட் இல்லாததால் டீஃபால்ட் ரூட்டைப் பிடித்து, அது வந்த அப்ஸ்ட்ரீமுக்கே, அதாவது உங்களுக்கு இணைப்பு தரும் நெட்வொர்க்குக்கே, திருப்பி அனுப்புகிறது. அப்ஸ்ட்ரீமோ உங்கள் /22 அறிவிப்பை நம்பி மறுபடி உங்களிடமே தள்ளுகிறது. டிடிஎல் தீரும் வரை அந்த ஒரே பாக்கெட் லிங்கில் பல பத்து தடவை போய்வருகிறது. யாராவது வேண்டுமென்றே இப்படி அனுப்பத் தொடங்கினால், சிறிய அளவு டிராஃபிக்கே லிங்கை நிரப்பிவிடும். இதற்கு மருந்து நல்0 என்ற குப்பைத்தொட்டி இன்டர்ஃபேஸ். சிஸ்கோ ஐஓஎஸ்ஸில்:

ஐபி ரூட் 198.18.0.0 255.255.252.0 நல்0 250

பயன்பாட்டில் உள்ள /24-களுக்குத் தனி ரூட் இருப்பதால் அவை இதில் சிக்காது. சொந்த ரூட் இல்லாதவை மட்டும் இங்கே விழுந்து அழியும். கடைசியில் உள்ள 250 என்ற எண், இதே பிரிஃபிக்ஸ் ஓஎஸ்பிஎஃப் போன்ற வேறொரு வழியில் கிடைத்தால் அதற்கு இடம்விட்டு ஒதுங்குவதற்காக.

மூன்றாம் படியில்தான் கருத்து வேறுபாடு தொடங்குகிறது. தொகுப்பைப் பிறப்பிக்க இரண்டு வழிகள் உள்ளன. மேலே போட்ட நல்0 ரூட்டை நெட்வொர்க் கட்டளை மூலம் பிஜிபிக்குள் கொண்டுவருவது ஒன்று:

ரவுட்டர் பிஜிபி 64500
நெட்வொர்க் 198.18.0.0 மாஸ்க் 255.255.252.0

அக்ரிகேட்-அட்ரஸ் கட்டளை மற்றொன்று:

ரவுட்டர் பிஜிபி 64500
அக்ரிகேட்-அட்ரஸ் 198.18.0.0 255.255.252.0

இரண்டாவது வழியில் நல்0 ரூட்டை ரவுட்டரே போட்டுக்கொள்ளும். ஆனால் தொகுப்புக்குள் அடங்கும் ஒரு உட்பிரிவாவது பிஜிபி அட்டவணையில் இருந்தால்தான் தொகுப்பு பிறக்கும். ஓஎஸ்பிஎஃப்பில் மட்டும் இருந்தால் போதாது. புதிதாகக் கற்பவர்கள் கட்டளை கொடுத்தும் ஒன்றும் நடக்கவில்லையே என்று தவிப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அக்ரிகேட்-அட்ரஸை ஆதரிப்பவர்களின் வாதம் வலுவானது: உட்பிரிவுகள் எல்லாம் போய்விட்டால் தொகுப்பும் தானாக விலகும், நிலையான நல்0 ரூட்டோ உள்ளே எல்லாம் இடிந்து கிடந்தாலும் அறிவித்துக்கொண்டே இருக்கும். இதை மறுக்க முடியாது. ஆனால் அந்தத் தானியங்கி விலகலும் முழுமையானதல்ல. எல்லை ரவுட்டரிலேயே நேராக இணைந்த ஒரு /30 அந்த /22-க்குள் இருந்து, அதையும் பிஜிபியில் போட்டிருந்தால், உள் நெட்வொர்க் முழுக்கத் துண்டிக்கப்பட்ட பிறகும் அந்த ஒன்றே தொகுப்பை உயிரோடு வைத்திருக்கும்.

ஆகவே எந்தக் கட்டளை என்பதைவிட, எந்த ரவுட்டர் என்ற கேள்வி முக்கியமானது. தொகுப்பை எல்லை ரவுட்டரில் பிறப்பிக்காதீர்கள். உள்ளே மையத்தில் இருக்கும் இரண்டு ரவுட்டர்களில் நல்0 ரூட்டும் நெட்வொர்க் கட்டளையும் போட்டு, ஐபிஜிபி வழியாக எல்லைக்குக் கொண்டுவாருங்கள். எல்லை ரவுட்டர் மையத்திலிருந்து அறுந்தால், தொகுப்பின் நெக்ஸ்ட் ஹாப் அதற்கு எட்டாமல் போகும். அறிவிப்பும் அந்த வாசலில் நின்றுவிடும். டிராஃபிக் அடுத்த எல்லை ரவுட்டர் வழியாக வரும். மையம் நன்றாக இருக்கும் வரை, உள்ளே ஒரு கிளை விழுந்து எழுவதை உலகம் அறியவேண்டிய அவசியமும் இல்லை. ஒரே ஒரு ரவுட்டர் மட்டும் உள்ள சிறு நிறுவனத்துக்கு இந்த விவாதம் பொருந்தாது. நிலையான ரூட் போதும். வாடிக்கையாளர்கள் பிஜிபி மூலமே உட்பிரிவுகளை அனுப்பும் இடத்தில் அக்ரிகேட்-அட்ரஸ் பொருந்தும். ஜூனோஸில் ரூட்டிங்-ஆப்ஷன்ஸ் பகுதியில் அக்ரிகேட் ரூட் எழுதி, எக்ஸ்போர்ட் பாலிசியில் அதை அனுமதிக்க வேண்டும். அங்கே இயல்பு நிலை ரிஜெக்ட் என்பதால் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் மறுப்புச் செய்தி திரும்பிப் போகும். டிஸ்கார்டு என்று மாற்றிவிடுவது நல்லது.

நான்காம் படி, மாற்றும் வரிசை. பல கையேடுகள் சம்மரி-ஒன்லி என்ற சொல்லை முதல் கட்டளையிலேயே சேர்த்துக் காட்டுகின்றன. ஓடிக்கொண்டிருக்கும் நெட்வொர்க்கில் அப்படிச் செய்யாதீர்கள். அந்தச் சொல் தொகுப்பை அறிவிக்கும் அதே வேளையில் உட்பிரிவுகளை அடக்கிவிடும். உங்கள் அப்ஸ்ட்ரீம் நான்கு /24-களை மட்டும் அப்படியே அனுமதிக்கும் ஃபில்டர் வைத்திருந்தால், புதிய /22 அங்கே தடுக்கப்படும், பழையவையும் போய்விட்டிருக்கும். ஆரம்பத்தில் சொன்ன ‘காணாமல் போவது’ இதுதான். எனவே முதலில் அப்ஸ்ட்ரீமுக்கு எழுதி ஃபில்டரில் /22-ஐச் சேர்க்கச் சொல்லுங்கள். ஐஆர்ஆர் பதிவில் ரூட் ஆப்ஜெக்ட் உண்டாக்குங்கள். பிறகு சம்மரி-ஒன்லி இல்லாமல் தொகுப்பை அறிவித்து, வேறு நெட்வொர்க்கின் லுக்கிங் கிளாஸிலோ ரைப்ஸ்டாட்டிலோ /22 தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்த பிறகே உட்பிரிவுகளை அடக்கலாம். ஒரு பிரிஃபிக்ஸை எந்த ஏஎஸ் அறிவிக்கலாம் என்று சொல்லும் ஆர்ஓஏ சான்றுகளிலும் இதே நிதானம் வேண்டும். /22-க்கு, அதிகபட்ச நீளம் 22 என்று மட்டும் சான்று போட்டு, /24-களுக்குத் தனிச் சான்று இல்லாமல் விட்டால், இன்னும் அறிவிப்பில் இருக்கும் உங்கள் /24-களே செல்லாதவை ஆகிவிடும். அவற்றின் சான்றுகளை, அறிவிப்பை நிறுத்திய பிறகே நீக்குங்கள்.

அடக்குவதிலும் இரு முறைகள். அக்ரிகேட்-அட்ரஸ் பயன்படுத்தினால் சம்மரி-ஒன்லி. நெட்வொர்க் கட்டளை வழியில் சென்றால், /22-ஐ மட்டும் அனுமதிக்கும் பிரிஃபிக்ஸ்-லிஸ்ட்டை ஒவ்வொரு அப்ஸ்ட்ரீமுக்கும் வெளிச்செல்லும் திசையில் கட்ட வேண்டும். முதல் முறையில் சென்றவர்களும் இந்த லிஸ்ட்டைக் கட்டுவது நல்லது. நாளை யாரோ தவறிப்போய் உள்ளே விடும் ரூட்டை அது வாசலிலேயே நிறுத்தும். ஒரு விதிவிலக்கு மட்டும் கவனத்துக்குரியது. உங்கள் /22-இலிருந்து ஒரு /24-ஐ வாங்கிய வாடிக்கையாளர் இன்னொரு ஐஎஸ்பியிடமும் இணைப்பு வைத்திருக்கலாம். அந்த ஐஎஸ்பி அவருடைய /24-ஐ அறிவிக்க, நீங்கள் அதைத் தொகுப்புக்குள் மறைத்தால், அவருக்கான டிராஃபிக் ஏறக்குறைய முழுவதும் அங்கேயே போகும். அவர் உங்களுக்குப் பணம் கட்டும் லிங்க் சும்மா கிடக்கும். அத்தகைய /24-ஐ அன்சப்ரஸ்-மேப் மூலமோ பிரிஃபிக்ஸ்-லிஸ்ட்டில் ஒரு வரி கூட்டியோ வெளியே விடுங்கள்.

ஏஎஸ்-செட் என்ற மற்றொரு சொல்லைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பல ஏஎஸ்களின் ரூட்களைச் சேர்த்துத் தொகுக்கும்போது அவற்றின் பாதை விவரம் மறைந்துவிடும். அதை அடைப்புக்குள் ஒரு கூட்டமாகக் காட்டவே ஏஎஸ்-செட் வந்தது. லூப் தடுக்கும் நல்ல நோக்கம்தான். ஆனால் கூட்டத்தில் எது மூல ஏஎஸ் என்று சொல்ல முடியாததால், ஆர்ஓஏ சான்றுகளை வைத்துச் செய்யும் ஆர்பிகேஐ சரிபார்ப்பில் சான்று உள்ள பிரிஃபிக்ஸ்கூடச் செல்லாததாகிவிடும். போதாக்குறைக்கு, உள்ளே ஒரு ஏஎஸ் விழுந்து எழும் ஒவ்வொரு தடவையும் தொகுப்பும் மாறிக்கொண்டே இருக்கும். எந்த நிம்மதிக்காகத் தொகுத்தோமோ அதுவே போய்விடுகிறது. பயன்படுத்தாதீர்கள் என்று 2011-இல் ஐஇடிஎஃப் பரிந்துரைத்தது. 2025-இல் அந்த வசதியை வழக்கொழிந்ததாகவே அறிவித்துவிட்டது. பழைய பாடப்புத்தகத்தில் இருந்தால் அந்தப் பக்கத்தைத் தாண்டிச் செல்லுங்கள்.

தொகுப்புக்கு எதிராகச் சொல்லப்படுவதில் பாதுகாப்பு வாதமே கனமானது. 2008 பிப்ரவரி 24 அன்று யூடியூப் 208.65.152.0/22 என்று தொகுத்து அறிவித்துக்கொண்டிருந்தபோது, பாகிஸ்தான் டெலிகாம் அதற்குள் அடங்கிய 208.65.153.0/24-ஐ அறிவித்தது. உள்நாட்டில் யூடியூப்பைத் தடுக்கப் போட்ட ரூட் உலகம் முழுக்கப் பரவி, யூடியூப்பின் டிராஃபிக்கை இழுத்துக்கொண்டது. ஆகவே எல்லாவற்றையும் /24-ஆகவே அறிவித்துவைப்பதுதான் காப்பு என்பார்கள். அப்படி வைத்திருந்தாலும் திருடனின் /24-உம் உங்கள் /24-உம் சம நீளம். யாருடைய பாதை அருகில் இருக்கிறதோ அவர் பக்கம் டிராஃபிக் சாயும். பாதி இழப்பைக் காப்பு என்று சொல்ல முடியாது. அதிகபட்ச நீளம் 22 என்று போட்ட ஆர்ஓஏ, சரிபார்க்கும் நெட்வொர்க்குகளில் அந்நிய /24-ஐ வாசலிலேயே தள்ளிவிடுகிறது. எல்லா நெட்வொர்க்கும் இன்னும் சரிபார்ப்பதில்லை என்பது உண்மை. அதற்காக நீளத்தை 24 வரை தளர்த்தினால், உங்கள் ஏஎஸ் எண்ணைப் பாதையின் கடைசியில் போலியாக ஒட்டி வருபவருக்கும் அந்தச் சான்று துணைபோகும். திருட்டு நடக்கும் நாளில் சான்றையும் /24 அறிவிப்பையும் சேர்த்து வெளியிடும் நடைமுறையை எழுதி வைத்திருப்பதே மேல். இரண்டு லிங்குகளில் சுமையைப் பிரிக்க உட்பிரிவு வேண்டும் என்பது மற்றொரு வாதம். வேண்டும்தான். /22-ஐ இரு பக்கமும், ஒவ்வொரு /23-ஐ ஒவ்வொரு பக்கமும் அறிவியுங்கள். ஒரு லிங்க் போனாலும் /22 தாங்கும். சான்றில் அந்த இரண்டு /23-களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு லிங்கும் ஒரே அப்ஸ்ட்ரீமுக்குப் போனால் /23-களில் நோ-எக்ஸ்போர்ட் கம்யூனிட்டியை ஒட்டுங்கள். உங்கள் சுமைப் பிரச்சினைக்கு உலகத்தின் நினைவகத்தைச் செலவழிக்க வேண்டாம்.

கடைசியாகச் சரிபார்ப்பு. ஷோ ஐபி பிஜிபி கொடுத்தால், சம்மரி-ஒன்லி போட்ட ரவுட்டரில் உட்பிரிவுகளின் முன்னால் எஸ் என்ற எழுத்து நிற்க வேண்டும். ஷோ ஐபி ரூட் கட்டளையில் /22 நல்0-ஐக் காட்ட வேண்டும். பிறகு வெளியே ஒரு நெட்வொர்க்கிலிருந்து, யாருக்கும் கொடுக்காத 198.18.3 முகவரிக்கு டிரேஸ்ரூட் போடுங்கள். அது உங்கள் ரவுட்டரில் நின்றால் சரி. உங்களுக்கும் அப்ஸ்ட்ரீமுக்கும் இடையே மாறி மாறி வந்தால் இரண்டாம் படிக்குத் திரும்புங்கள். ஐபிவி6-இலும் படிகள் இவையே. பெற்ற /32-ஐ ஒன்றாக அறிவித்துத் தொடங்குங்கள், /48-களாக உடைக்க எந்த அவசரமும் இல்லை. இந்த வேலை முடிந்ததும் ஒவ்வொரு அப்ஸ்ட்ரீமுக்கும் நீங்கள் அறிவிக்கும் ரூட்களின் பட்டியலை எடுத்து, தொகுப்புக்குக் கீழே வெளியே போகும் ஒவ்வொரு உட்பிரிவின் பக்கத்திலும் அது எதற்காக என்று ஒரு வரி எழுதுங்கள். எழுத முடியாதவற்றை நிறுத்திவிடுங்கள்.