கோடும் இடைவெளியும்: வ்யாக்யானம் தட்டச்சு செய்வோர்க்கு ஒரு பாடம்

ஸ்ரீ:
ஸ்ரீமதே சடகோபாய நம:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:
ஸ்ரீமத் வரவரமுநயே நம:

சென்ற மழைக்காலத்தில் வாழவந்தியில் இருந்தபடி, பெரியவாச்சான் பிள்ளை அருளிய வ்யாக்யானத்தில் சில பக்கங்களை அடியேன் தட்டச்சு செய்து, சேர்ந்து வாசிக்கும் ஒரு சிறு கோஷ்டிக்கு அனுப்பினேன். ஏற்காட்டு மலையில் மேகம் இறங்கிவிட்டால் இணையத் தொடர்பு தேய்ந்துவிடும். ஆகவே கோப்பாக அனுப்பாமல், எழுத்துகளை மட்டும் நகலெடுத்துக் கைபேசிச் செய்தியாக அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துக் கனடாவிலிருந்து ஓர் அம்மையார், "ஸ்வாமி, மூன்றாம் வரியில் உள்ள சொல்லை மூலத்தில் எங்கும் காணவில்லையே, ஆழ்வார் எந்தப் பாசுரத்தில் அருளிச்செய்தார்?" என்று கேட்டிருந்தார். அது ஆழ்வார் அருளிச்செய்த சொல்லே அன்று, வ்யாக்யாதாவின் திருவாக்கு.

பிழை அடியேனுடையது. வ்யாக்யானப் பதிப்புகளில் பாசுரச் சொல்லை முதலில் எடுத்து, ஒரு கோடு இட்டு, அதன்பின் ஆசார்யரின் விளக்கம் வரும். அடியேன் பாசுரச் சொற்களைத் தடித்த எழுத்திலும் வைத்திருந்தேன். அச்சுப் புத்தகத்தை வருடியெடுத்த கோப்பில் வரி முடிவில் உடைந்த சொற்களுக்கெல்லாம் சிறுகோடு நின்றது. அவற்றை ஒழிக்க எண்ணி, "எல்லாவற்றையும் மாற்று" என்று ஒரே ஆணை கொடுத்தேன். சிறுகோடுகளோடு, எல்லையாக நின்ற கோடுகளும் போயின. செய்தியாக அனுப்பியபோது தடித்த எழுத்தும் சாதாரண எழுத்தாகிவிட்டது. இரண்டு வேலிகளும் விழுந்தபின் ஆழ்வார் திருவாக்கும் ஆசார்யர் திருவாக்கும் ஒரே நீரோட்டமாக ஓடின.

வங்கியில் ரூ. 500/- என்று எழுதும்போது கடைசியில் ஒரு சாய்கோடும் சிறுகோடும் இடுவோம். அதற்கு மேல் இன்னோர் இலக்கம் நுழையக் கூடாது என்பதே காரணம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்தக் கோட்டை இட்ட கை, வ்யாக்யானத்துக் கோட்டை அலங்காரம் என்று நினைத்துவிட்டது!

ஓலைச்சுவடிகளில் இந்தக் கோடு கிடையாது. சொற்களுக்கு இடையே வெளி விடும் வழக்கமும் இல்லை. மெய்யெழுத்தின் புள்ளியே பெரும்பாலும் இராது. ஆயினும் குழப்பம் நேரவில்லை. காலக்ஷேபம் சாதிக்கும் ஆசார்யர் பாசுரச் சொல்லை ஒரு குரலிலும், அதன் பொருளை வேறு குரலிலும் சொல்ல, சிஷ்யர் செவியால் பிரித்துக்கொண்டார். அச்சு வந்தபின் அந்தக் குரல் வேறுபாட்டைக் கோடும் பிறைக்குறியும் ஏற்றுக்கொண்டன. டொராண்டோவிலோ சிங்கப்பூரிலோ தனியே கைபேசியில் சேவிக்கும் ஒருவருக்கு அந்தக் கோடுதான் ஆசார்யரின் குரல் மாறும் இடம்.

எல்லை எவ்வளவு நுட்பமானது என்பதற்குப் பெரியாழ்வார் திருமொழி வ்யாக்யானமே சான்று. பெரியவாச்சான் பிள்ளை அருளியதில் பெரும்பகுதி செல்லரித்து மறைந்துபோக, அந்தக் குறையை மணவாள மாமுனிகள் நிறைவு செய்தருளினார். பழைய ஓலை எந்தச் சொல்லிலிருந்து கிடைத்ததோ, அந்தச் சொல்வரை மட்டுமே எழுதி நிறுத்திக்கொண்டார் என்பது பெரியோர் வார்த்தை. அங்கே பாசுரம், மாமுனிகள், பிள்ளை என்று மூன்று திருவாக்குகள் ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றன. அந்தப் பக்கத்தைத் தட்டச்சு செய்பவர் கை எவ்வளவு அடங்கியிருக்க வேண்டும்!

இனிச் செய்முறை. சொல்லுக்குள் வரும் சிறுகோடும், சொல்லுக்கும் விளக்கத்துக்கும் நடுவே வரும் நீள்கோடும் கணினிக்கு வெவ்வேறு எழுத்துகள். எல்லைக்கு நீள்கோட்டை மட்டுமே பயன்படுத்தினால், பின்னாளில் சிறுகோடுகளை நீக்கினாலும் எல்லை அழியாது. கோட்டுக்கு முன் சாதாரண வெளியை விடாமல், வரி உடையாத வெளியை இடுவது நலம். வேர்ட் மென்பொருளில் கண்ட்ரோல், ஷிஃப்ட் இரண்டையும் அழுத்திக்கொண்டு இடைவெளி விசையைத் தட்டினால் அது விழும். கோடு பாசுரச் சொல்லோடு ஒட்டியே இருக்கும். அடுத்த வரியின் தலையில் அநாதையாக நிற்காது. தடித்த எழுத்தை மட்டும் நம்பக் கூடாது. அது எழுத்தின் மேல் பூசிய வண்ணம். கோடோ தானே ஓர் எழுத்து, நகலெடுத்தால் கூடவே வரும்.

மேலெழுத்து எண்களுக்கும் இதே நியாயம். வடசொற்களின் உச்சரிப்பைக் காட்ட க², க³, க⁴ என்று இடுகிறோம். சாதாரண எண்ணைத் தட்டி, வடிவமைப்பால் மேலே உயர்த்தினால், செய்தியாக அனுப்பும்போது அது கீழே இறங்கி "ப4க3வத்" என்று நிற்கும். மேலெழுத்தாகவே உள்ள எண்களை இட்டால் ப⁴க³வத் என்றே போய்ச் சேரும். உயிர்மெய் முழுதும் முடிந்தபின் எண் வர வேண்டும். நடுவே நுழைத்தால் பல கருவிகளில் கால் தனியே பிரிந்து, புள்ளி வட்டத்தோடு நிற்கும்.

இக்கட்டுரையின் தலையில் உள்ள வரிகளையே பாருங்கள். "நம:" என்பதில் விஸர்க்கத்துக்கு முக்காற்புள்ளியை இடுகிறோம். அதை அடைப்புக்குறிக்குள் வைத்து மூடினால், முக்காற்புள்ளியும் அடைப்பும் சேர்ந்து சிரிக்கும் முகமாகிவிடும்! ஆசார்ய வந்தனத்தின் முடிவில் மஞ்சள் முகம் இளித்த செய்திகள் அடியேனுக்கும் வந்ததுண்டு. வேர்டில் தானியங்கித் திருத்தப் பட்டியலிலிருந்து அந்த ஒரு மாற்றத்தை நீக்கிவிடலாம். சிலர் இதற்கு அஞ்சி ஆய்தத்தை இடுகிறார்கள். யூனிகோட் பட்டியலிலும் ஆய்தத்துக்கு "விஸர்க்கக் குறி" என்றே பெயர் பதிவாகியிருக்கிறது. ஆனால் ஆய்தம் அருளிச்செயலில் தனக்கென ஓர் ஒலியோடு வருவது; புதிதாகச் சேவிப்பவர் இரண்டையும் ஒன்றாகக் கொள்வர். முக்காற்புள்ளியே போதும், அதற்கு முன் வெளி விடாமல்.

"ஸ்ரீ" என்ற திருவெழுத்திலும் ஒரு சிக்கல் உண்டு. பார்வைக்கு ஒன்றாக இருப்பது கணினிக்குள் இரண்டு விதம். ஸகரத்தில் தொடங்கித் தட்டுவது பழைய முறை. 2005இல் வெளிவந்த யூனிகோட் 4.1 பதிப்பில் "ஶ" சேர்ந்தபின், அந்த எழுத்தில் தொடங்குவது முறையாயிற்று. இரண்டும் இன்று வழக்கில் உள்ளன. நூறு பக்கக் கோப்பில் "ஸ்ரீரங்கம்" என்று தேடினால், மற்ற விதத்தில் தட்டியவை அகப்படாமல் போகும். கணக்கில் ஒரே வாடிக்கையாளர் இரண்டு பெயரில் இருப்பது போன்றது இது. ஒரு கோப்பில் ஒரே முறை என்று வைத்துக்கொள்ள வேண்டும்; பிறர் கோப்பில் இருமுறை தேட வேண்டும்.

பாசுர எண்களை அட்டவணைச் செயலியில் இடுவோர்க்கு ஒரு வார்த்தை: திருவாய்மொழி 6-10-10 என்று தட்டினால் எக்ஸெல் அதை 2010ஆம் ஆண்டுத் தேதியாக மாற்றிவிடும். நிரலை முதலிலேயே "எழுத்து" என்று அமைத்துவிட்டால் 1102 பாசுரங்களும் பிழைக்கும்.

இடைவெளியைப் பற்றித்தான் அடியேனுக்கு அச்சம் அதிகம். நன்னூல் உரைகாரர்கள் பொதுமொழிக்கு உதாரணமாக வேங்கை, தாமரை முதலிய சொற்களைக் காட்டுவர். வேங்கை என்றால் புலி. "வேம் கை" என்று வெளி விட்டால் வேகின்ற கை. 1950களில் மர்ரே எஸ். ராஜம் சந்தி பிரித்து வெளியிட்ட பதிப்புகள் எளிய வாசகர்க்குப் பேருதவி செய்தன, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் நம் வ்யாக்யானங்களில் "அன்றிக்கே" என்று தொடங்கி அதே சொற்களுக்கு இன்னொரு நிர்வாஹம் வரும். சில இடங்களில் அந்த இரண்டாம் பொருள், சொல்லை வேறுவிதமாகப் பிரிப்பதிலேயே பிறக்கும். மூலத்தில் நாம் ஒருவிதமாக வெளி விட்டுவிட்டால், ஆசார்யர் திறந்து வைத்த கதவை மூடியவராவோம். அதனால் பாசுரத்தைச் சந்தி கெடாமல் சீர்ப்படி மேலே வைத்து, பதம் பிரித்த வடிவைக் கீழே தனியாகத் தருவதே அடியேன் இப்போது கைக்கொள்ளும் முறை. இடம் இரட்டிப்பாகும், கைபேசித் திரையில் அது குறையன்று.

அனுப்பும் முன் ஒரு சோதனை. வேர்டில் பத்திக்குறி விசையை அழுத்தினால் சாதாரண வெளி நடுப்புள்ளியாகவும், வரி உடையாத வெளி சிறு வட்டமாகவும் தெரியும். பிறகு முழுதையும் வெற்று எழுத்துக் கோப்பில் ஒட்டி, ஒரு பாசுர வ்யாக்யானத்தை வாய்விட்டுச் சேவித்துப் பார்க்கவும். எங்கே குரலை மாற்றுவது என்று தெரியாமல் நா தடுமாறுகிறதோ, அங்கே ஒரு கோடு குறைகிறது. கனடா அம்மையாருக்கு அந்தப் பக்கங்களை அவ்வாறு சரிசெய்து, க்ஷமாபணத்தோடு மீண்டும் அனுப்பினேன். அவர் இன்னும் இரண்டு விடுபட்ட கோடுகளைக் கண்டெடுத்துத் திருப்பி அனுப்பியிருக்கிறார்.

அடியேன் ராமாநுஜ தாஸன்